பழைய லான்சரும் வியாபாரியின் கணக்கும்

என்னிடம் ஒரு மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன் இருக்கிறது. 1996இல் வெளிவந்த நான்காம் வகை. "இதற்கு ஏன் இத்தனை மவுசு?" என்று கடைக்கு வருவோர் கேட்பார்கள். ரேலிக்கு அனுப்பும் கார் வகையில் குறைந்தது 2,500 வாகனங்களைத் தயாரிக்க வேண்டும் என்பது அன்றைய குரூப் ஏ விதி. அதனால்தான் டேர்போ என்ஜினும் ஃபோர் வீல் டிரைவும் கொண்ட இந்தக் கார் நம்மைப் போன்றவர்களின் கைக்கும் வந்தது. 1996 முதல் 1999 வரை டொமி மக்கினன் தொடர்ந்து நான்கு தடவை உலகச் சாம்பியனானதும் லான்சர் எவொலூஷன் கார்களில்தான்.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. என்னிடமும் விலை பேச வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. கடுகண்ணாவ ஏற்றத்தில் டேர்போ இழுக்கும்போது வரும் சந்தோஷத்துக்கு என்னிடம் விலை இல்லை.

ஆனால் செலவுக்குக் கணக்கு உண்டு. டைமிங் பெல்ட்டைக் காலத்தோடு மாற்ற வேண்டும். அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜின் பழுதாகிவிடும். எனவே இக்காரை நான் முதலீடாக எழுதுவதில்லை. வீட்டுச் செலவாகவே எழுதுகிறேன்.

2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி மீண்டும் திறந்தது. தட்டுப்பாட்டினால் ஏறிய விலை நிலையானதல்ல. ஆசையிருந்தால் சொந்தக் காசில் வாங்குங்கள். விலை ஏறுமென்று கடையின் முதலை முடக்காதீர்கள்.