அவதாரம் விடையாகுமா? ‘கல்கி 2898 ஏடி’ காட்டும் கேட்டுலகம்

இன்றைய சமூகத்தில் வேர்விட்டிருக்கும் ஒரு தீமை தடையின்றி வளர்ந்தால் மனித வாழ்வு என்னவாகும் என்று காட்டும் கதைகளை டிஸ்டோபியா, அதாவது கேட்டுலகக் கதைகள் என்பர். 1927இல் பிரிட்ஸ் லாங் இயக்கிய ஜெர்மானிய மௌனப்படமான ‘மெட்ரோபோலிஸ்’, மண்ணுக்கடியில் உழைப்போரையும் உயர்ந்த மாளிகைகளில் வாழ்வோரையும் ஒரே நகரில் வைத்து, திரையில் இவ்வகைக்கு வழிவகுத்தது. 2024 ஜூன் 27 அன்று தமிழிலும் வெளியான நாக் அஸ்வினின் தெலுங்குப் படமான ‘கல்கி 2898 ஏடி’, அந்த மரபை மகாபாரதத்தோடு இணைத்துப் பார்த்த துணிவான முயற்சி என்பதால், அதன் நிறைகளையும் குறைகளையும் ஒருசேர எடைபோடுவது பயனுடையது.

குருச்சேத்திரப் போர் முடிந்து ஆறாயிரம் ஆண்டுகளுக்குப் பின், உலகின் கடைசி நகரமாகக் காசி மட்டும் எஞ்சியிருக்கிறது. கங்கை வற்றிக் கிடக்க, நகரின் மேல் தலைகீழ்ப் பிரமிடாகத் தொங்கும் ‘காம்ப்ளெக்ஸ்’ என்னும் வளாகம் நீரையும் பசுமையையும் தனக்குள் வைத்துக்கொள்கிறது. கீழே வாழும் பைரவன் (பிரபாஸ்) இந்த ஏற்பாட்டை எதிர்ப்பவன் அல்லன். ‘யூனிட்’ எனப்படும் பணத்தைச் சேர்த்து வளாகத்துக்குள் குடியேறத் துடிக்கும் கூலிவேட்டையன். ஒடுக்குமுறை நிலைப்பதற்கு ஆயுதங்களைப் போலவே ஒடுக்கப்பட்டவரின் ஆசையும் காரணமாகிறது என்ற நுட்பமான உண்மையை இப்பாத்திரம் உணர்த்துகிறது.

படத்தின் இன்னொரு வலிமை வளாகத்தின் ஆய்வுக்கூடக் காட்சிகளில் இருக்கிறது. அங்கே பெண்கள் எண்களால் அழைக்கப்பட்டு, கருவுறச் செய்யப்பட்டு, அக்கருவிலிருந்து எடுக்கும் சாரம் ஆட்சியாளன் யாஸ்கினின் (கமல்ஹாசன்) உடலுக்கு வலுவூட்டப் பயன்படுகிறது. சம்-80 என்ற எண்ணோடு வாழ்ந்தவள் (தீபிகா படுகோன்) தப்பி வெளியே வந்த பின்னரே சுமதி என்ற பெயரைப் பெறுகிறாள். உத்தரையின் வயிற்றுக் கருவை அழிக்க முயன்று சாபம் பெற்ற அசுவத்தாமன் (அமிதாப் பச்சன்), இப்போது இவள் கருவைக் காக்க எழுவது, பழைய குற்றத்துக்குப் புதிய காலத்தில் கழுவாய் தேடும் சிறந்த கற்பனை.

ஆயினும், ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்படம், தான் எழுப்பிய கேள்விகளை முழுமையாகப் பின்தொடரவில்லை. பைரவனின் நகைச்சுவையும் நீண்ட சண்டைகளும் காசி மக்களின் அன்றாடத் துயரத்தை மெல்லப் பின்னுக்குத் தள்ளுகின்றன. யாஸ்கினின் ஆட்சிக்கு அடிப்படையான எண்ணம் என்ன என்பது அடுத்த பாகத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. கதையின் மையமான சுமதியோ, தானாக முடிவெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைந்து, பிறர் கைப்பற்றவும் காப்பாற்றவும் போரிடும் ஒரு கருவறையாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறாள்.

இவற்றினும் பெரிய குறை, விடையைச் சுமதியின் வயிற்றில் வளரும் கல்கி அவதாரத்திடம் ஒப்படைப்பதாகும். நீரைப் பதுக்கியதும் பெண்ணுடலைச் சுரண்டியதும் மனிதர் செய்த தீமைகள் என்றால், அவற்றை மாற்றும் பொறுப்பும் மனிதருடையதாகவே இருக்க வேண்டும். கோமல் சுவாமிநாதனின் நாடகத்தைத் தழுவி 1981இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘தண்ணீர் தண்ணீர்’, எதிர்காலத்தைக் காட்டாமலேயே கரிசல் மண்ணின் அத்திப்பட்டியை ஒரு கேட்டுலகமாக நிறுத்தியது. அங்கே தாகத்தால் தவிக்கும் மக்கள் தாங்களே கால்வாய் வெட்ட முனைய, அதிகாரம் அதைத் தடுத்தது. அதனால் தண்ணீரைத் தடுப்பவர் யார் என்ற கேள்வி பார்வையாளரையும் விடாமல் தொடர்ந்தது. ‘கல்கி’யின் பிரமாண்டமான உலகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு காசிவாசி முன்வந்திருந்தால், வியப்பூட்டும் படம் என்ற நிலையைக் கடந்து, காலத்தை எச்சரிக்கும் படமாகவும் அது உயர்ந்திருக்கும்.