அளக்கப்படாத தீட்டு

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் மகாத் சவுதார் குளத்தில் நீர் அருந்தினர். குளம் தீட்டாகிவிட்டது என்று சொல்லி, சாதி இந்துக்கள் சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களை அதில் ஊற்றினர். இல்லாத தீட்டுக்கு அத்தனை சடங்கு. நீரில் உண்மையாகவே கலக்கும் நஞ்சைப் பற்றி இன்று பேசுவோம்.

குற்றாலத்து நீர் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, தாமிரபரணியில் கலந்து, தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. தூத்துக்குடி, உர ஆலைகள் உள்ள ஊர். ஆற்றின் தலைப்பகுதியில் இருக்கும் நமக்கு, கடைசியில் இருப்பவரின் கிணறும் நம் கிணறுதான்.

நம் உழைப்பாளிகள் வெறுங்கையால் தூவும் டிஏபி உரத்துக்குப் பாஸ்பாரிக் அமிலம் வேண்டும். பாஸ்பேட் பாறையைக் கந்தக அமிலத்தில் கரைத்து அதை எடுக்கிறார்கள். ஒரு டன் எடுத்தால் ஏறத்தாழ 5 டன் பாஸ்போஜிப்சம் கழிவாக மிஞ்சும். பாறையில் இயற்கையாகவே யுரேனியம் உண்டு. அமிலத்தோடு அதில் பெரும்பகுதி போய்விடும். அதிலிருந்து பிறந்த ரேடியம் பெரும்பாலும் கழிவில் தங்கும். ரேடியம் 226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். சுண்ணாம்புச் சத்தைப் போல அது எலும்பில் படியும்.

இந்தக் கழிவு மேட்டின் அடியில் கசிவுத் தடுப்பு இல்லாவிட்டாலோ, அது கிழிந்தாலோ, மேட்டில் தேங்கிய அமில நீர் மண்ணுக்குள் இறங்கும். 2016இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மல்பெரி அருகே இப்படி ஒரு மேட்டில் பள்ளம் விழுந்து, சுமார் 81 கோடி லிட்டர் கழிவுநீர் நிலத்தடி நீரில் இறங்கியது. பக்கத்து மக்களுக்குச் செய்தி எட்டவே வாரங்கள் ஆயின.

இந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது. ஆய்வகத்தில் அளந்தால் மட்டுமே தெரியும். குடிநீரில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஊருக்கு வெளியே, பள்ளத்தில், பொறம்போக்கை ஒட்டி நம்மைக் குடிவைத்தது சாதி. கழிவு கொட்டவும் அதே இடத்தைத்தான் தேடுவார்கள். ஆகவே நாம் கேட்பது இது: கழிவு மேடுகளைச் சுற்றியுள்ள கிணறுகளை, காலனிக் கிணற்றில் தொடங்கி, ஆண்டுதோறும் அளக்க வேண்டும், முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்ட வேண்டும். கிராமசபையில் இதைத் தீர்மானமாக்குவோம்.

அளக்க முடியாத தீட்டைச் சொல்லி நம்மைக் குளத்திலிருந்து விலக்கினார்கள். அளக்க முடிந்த நஞ்சை அளக்கச் சொல்வது நம் உரிமை.