மெத்தை வீட்டு வெயில்

மாடியில் கடைசி வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு நான் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை மாதத்து இரவு, மணி பதினொன்று. தெருவில் கடற்காற்று வந்துவிட்டது. நாய்கூடச் சுருண்டு படுத்து நிம்மதியாகத் தூங்குகிறது. உங்கள் படுக்கையறை மட்டும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. மின்சார விசிறி சுழல்கிறது. மேலே இருக்கிற சூட்டைக் கீழே தள்ளுவதைத் தவிர அது வேறு எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. நாற்காலி போட்டு ஏறி மேல்தளத்தைத் தொட்டுப் பாருங்கள். சாக்ஷாத் தோசைக் கல்!

எங்கள் வீடும் அப்படித்தான். "பேசாமல் ஏ.ஸி. வாங்கிவிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். "கட்டினவர் செய்த தப்புக்கு நாம் மாதாமாதம் கரண்டு பில்லில் அபராதம் கட்டுவதா?" என்று கேட்டேன் நான். இந்த வழக்குத் தீராமல் இருந்த சமயத்தில்தான் குயிலாப்பாளையம் போகும்படி நேர்ந்தது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் மரக்காணத்தில் உப்பளங்கள் வரும். பாத்தி பாத்தியாக வெயிலைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். மழை வந்தால் கரைந்துவிடுமே என்று அவற்றின்மேல் ஓலை போட்டு மூடியிருக்கிறது. உப்புக்குக்கூடக் கூரை வேண்டியிருக்கிறது, பாருங்கள்! இன்னும் தெற்கே போய், புதுச்சேரியை எட்டுவதற்குச் சற்று முன்னால் பெரிய முதலியார்சாவடியில் மேற்கே திரும்பினால், செம்மண் மேட்டின்மேல் குயிலாப்பாளையம். அதை ஒட்டினாற்போல் ஆரோவில்.

1968-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி, 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய ஊர் ஆரோவில். அந்த நாளில் இந்த மேடு வெறும் பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடுமாம். வந்தவர்களும் சுற்றுக் கிராமத்துக்காரர்களுமாக வரப்புப் போட்டு நீரைத் தேக்கினார்கள், மரம் நட்டார்கள். இன்று போனால் வழியெல்லாம் நிழல்.

நான் பார்க்கப் போனது அந்த மண்ணால் கட்டிய வீடுகளை. 1989-ல் ஹட்கோவின் உதவியோடு அங்கே ஒரு கட்டுமான நிலையம் ஆரம்பமாயிற்று. இன்று அதற்கு ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் என்று பெயர். அங்கே கல் செய்கிற முறையைப் பார்த்தால் உங்களுக்கு அடுப்பங்கரை ஞாபகம்தான் வரும். செம்மண்ணைச் சலிக்கிறார்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு போலச் சிமெண்டு சேர்க்கிறார்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பிசறுவது. பதம், புட்டு மாவுப் பதம்! பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும். கீழே விட்டால் உதிர வேண்டும். அதை இரும்பு அச்சில் கொட்டி, நீண்ட கைப்பிடியைத் தொங்கி இழுத்தால் மழமழவென்று ஒரு கல் வெளியே வருகிறது. அடுக்கி வைத்து ஈரம் காயாமல் நான்கு வாரம் காத்தால் கல் தயார். சூளை இல்லை, விறகு இல்லை, புகை இல்லை. மண் தோண்டிய குழி மழைநீர்த் தொட்டியாகிவிடுகிறது.

இந்தக் கல்லாலேயே சுவர் எழுப்பி, வளைவும் கவிமாடமும் கட்டுகிறார்கள். மரச்சாரம் முட்டுக் கொடுக்காமலே வளைவுக் கூரை போடும் வித்தை எகிப்திலிருந்து வந்தது. அங்கே லக்ஸர் நகருக்கு எதிரே, பச்சைச் செங்கல்லால் கட்டிய களஞ்சிய வளைவுகள் மூவாயிரம் வருஷங்களுக்கு மேலாக நிற்கின்றன. ஹஸன் ஃபாத்தி என்ற எகிப்தியச் சிற்பி அந்த வித்தையை மீட்டு, ஏழைகளுக்கு வீடு கட்ட முயன்றார். அவர் பெயரால் அமைந்த பரிசு 1992-ல் ஆரோவில்லின் பார்வையாளர் மையத்துக்குக் கிடைத்தது. அதை வடிவமைத்தவர் சுஹாசினி ஐயர் என்ற பெண்மணி. இன்னொரு பெண்மணியான அனுபமா குண்டு 2000-ம் ஆண்டில் ஆரோவில்லில் தமக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டார். மெல்லிய பழைய காலத்து அச்சுக்கல், சுண்ணாம்புச் சாந்து, கூரைக்குள்ளே கனம் குறைக்க மண்பானைகள்! அந்த வீட்டின் முழு அளவுப் பிரதி ஒன்றை 2012-ல் இத்தாலியில் வெனிஸ் நகரத்துக் கண்காட்சியில் எழுப்பினார்கள். நம் பக்கத்துக் கைவேலைக்காரர்களும் அங்கே போய்க் கல் வைத்தார்கள் என்றால் பெருமையாக இல்லையா?

இத்தனையும் பார்த்துவிட்டு மனம் குளிர்ந்து குயிலாப்பாளையத்துக்குள் நுழைந்தேன். அங்கே காத்திருந்தது ஆச்சரியம். ஊரில் திரும்பின பக்கமெல்லாம் சிமெண்டு வீடு. தட்டையான காங்கிரீட் தளம், நீலமும் ரோஜா நிறமும் பூசிய சுவர். பல வருஷமாகக் கல் அடிக்கும் வேலைக்குப் போன ஓர் அம்மாளின் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். அவருடைய வீடும் அதே தினுசுதான்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் மண் கல் அடிச்சுக் கொடுத்திருக்கீங்க. உங்க வீட்டை மட்டும் சிமெண்டுல கட்டியிருக்கீங்களே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூரை வீட்டுல நீங்க இருந்திருக்கீங்களாம்மா?"

"இல்லை."

"அதான் கேக்குறீங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கீத்து மாத்தணும். ஒரு பொறி பறந்துச்சுன்னா ஒரு வீட்டோட போவாது, தெருவே போவும். தானே புயலப்போ ராத்திரி பூரா புள்ளைங்களக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நின்னோம். மெத்தை வீடு சுடுந்தான். ஆனா பறக்காது."

"மண் கல்லிலேயே கட்டியிருக்கலாமே?"

"அவங்களுக்கு அது அழகும்மா. நம்ம சனத்துக்கு மண் வீடுன்னா இல்லாதப்பட்டவங்க வீடு. பொண்ணு கேட்டு வரவங்க வாசல்ல நின்னு சுவத்தத்தான் பாப்பாங்க."

என் வாய் அடைத்துப் போயிற்று. மாடி வீட்டில் இருந்துகொண்டு கூரை வீட்டின் குளிர்ச்சியைப் பற்றிக் கட்டுரை எழுதுவது சுலபம். கூரை பற்றிக்கொண்டால் கையில் முதலில் எதை எடுப்பது, குழந்தையையா ரேஷன் கார்டையா என்று இரவில் படுத்துக்கொண்டு யோசிப்பது அந்த அம்மாள் அல்லவா? தானே புயல் 2011 டிசம்பர் 30-ந் தேதி இந்தக் கரையில் ஏறிற்று. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. 2010-ல் தமிழக அரசு 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கத் திட்டம் போட்டது. அடுத்த வருஷம் வந்த அரசு 300 சதுர அடியில் பசுமை வீடுகள் கட்டித் தரும் திட்டம் கொண்டுவந்தது. அந்தச் சுவர்களுக்குள் எத்தனையோ தாய்மார்கள் முதல் முறையாகக் கதவைத் தாளிட்டுக்கொண்டு தூங்கினார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஆனால் அந்தத் தளத்தோடு இரண்டு சங்கடங்கள் கூடவே வருகின்றன. முதலாவது சூடு. நம் பக்கத்தில் சூரியன் சித்திரையிலும் ஆவணியிலும் நேர் உச்சிக்கு வந்து நிற்கிறது. ஆகவே வெயில் அதிகமாக விழுவது சுவரில் அல்ல, தலைக்கு மேலே. நாலைந்து அங்குலக் காங்கிரீட் அதைப் பகலெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு, நாம் பாய் விரிக்கிற நேரத்துக்குச் சாவகாசமாக உள்ளே இறக்குகிறது. அலுவலகம் போகிறவர் பகலில் தப்பித்துக்கொள்ளலாம். அந்தத் தளத்துக்கு அடியிலேயே அடுப்பு மூட்டுகிற நமக்கு இரண்டு வேளையும் பரீட்சை! இரண்டாவது உப்பு. மரக்காணத்தில் பாத்தியில் விளைகிற அதே உப்புத்தான் காற்றிலும் வருகிறது. விரிசல் வழியாக உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி உப்பும். உப்பினால் காரை பெயர்ந்து விழும். அந்த அம்மாளின் வீட்டிலேயே கொடிக் கயிற்றுக்கு மேலே தளம் பெயர்ந்து கம்பி தெரிந்தது.

அப்படியானால் பறக்காத கூரையும் வேண்டும், சுடாத கூரையும் வேண்டும் என்பது பேராசையா? புதுச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். ஆசிரமத்தைச் சேர்ந்த 'கோல்கொண்டே' என்ற தங்கும் விடுதி அங்கே இருக்கிறது. 1930-களில் தொடங்கிய கட்டடம். வரைந்தவர் அன்டோனின் ரேமண்ட். ஹைதராபாத் திவானாக இருந்த ஸர் அக்பர் ஹைதரி மூலம் வந்த நன்கொடை. அதுவும் சாக்ஷாத் காங்கிரீட்தான்! ஆனால் தளத்துக்கு மேலே வளைந்த ஓடுகளை வைத்து இடையில் காற்று ஓட வழி விட்டிருக்கிறார்கள். வெயில் முதல் ஓட்டோடு நின்றுவிடுகிறது. வடக்கும் தெற்கும் பார்த்த சுவர்களில் ஜன்னலுக்குப் பதில், மேலிருந்து கீழ்வரை திருப்பித் திருப்பி வைக்கக்கூடிய சட்டங்கள். கதவுக்கான கைப்பிடிகளை, பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். எந்தப் பாட்டியின் சொம்போ!

இன்னும் பழசாக வேண்டுமானால் நம் பெரியவர்கள் போட்ட 'மெட்ராஸ் டெரஸ்' இருக்கிறது. தேக்கு உத்தரத்தின் மேல் சின்னச் செங்கற்களை நிமிர்த்திச் சாய்வரிசையாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய் நீரும் வெல்லமும் தெளித்து, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் நாள் கணக்கில் மரக்கட்டையால் கொட்டி இறுக்கிய தளம். மேலே தட்டோடு. அந்தக் கனமான சுண்ணாம்புத் தளம் சூட்டை லேசில் கீழே விடாது. தளத்தைக் கொட்டியவர்கள் கூலிக்காரப் பெண்கள், அதன் கீழே குளிர்ச்சியாகப் படுத்தவர்கள் வேறு யாரோ என்பதையும் சொல்லிவிட வேண்டும். குயிலாப்பாளையத்து அம்மாளிடம் நான் கண்டதும் அதே கதைதானே.

கூரையோடு தெருவும் போயிற்று. புதுச்சேரி வைசியாள் தெருவில் வீட்டுக்கு வீடு திண்ணையும், அதற்கு முன்னால் தெருவைப் பார்த்த தாழ்வாரமும் இருந்தன. மோர் விற்கிறவள் கூடையை இறக்கி வைப்பாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்குவார்கள். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி முறத்தோடு வந்துவிடுவாள். அந்தத் தெருவைப் பழைய களையோடு புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கொடுத்தது. எங்கள் அடுக்கு வீட்டில் எதிர் வீட்டு மாமியின் முகத்தை நான் பார்ப்பது லிப்டில்தான்.

சரி, வீட்டை இடித்துக் கட்ட முடியாத நாம் என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். வீட்டுச் சொந்தக்காரரைப் பிடித்து, பங்குனி முடிவதற்குள் மொட்டை மாடிக்கு இரண்டு கை சுண்ணாம்பு அடிக்க வைத்தேன். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வருஷா வருஷம் அடிக்க வேண்டும். மேற்குச் சுவர் ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டினேன். உள்ளே திரை போட்டால் போதாது, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு தடுத்து என்ன லாபம்? தட்டோடு பதிக்க முடிந்தவர்கள் பதியுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள் கிரானைட் மேடையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது பதியுங்கள். எங்கள் அறை ஊட்டியாகிவிடவில்லை. ஆனால் பதினொரு மணிக்குத் தூக்கம் வருகிறது. ஏ.ஸி. வழக்கு வாய்தாவில் இருக்கிறது.

அன்று விடைபெறும்போது நடந்ததைச் சொல்லாமல் விட்டேனே! அந்த அம்மாள் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். அங்கே வேப்ப மரத்தடியில், மெத்தை வீட்டுக்கு ஒட்டினாற்போல் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே சாணம் மெழுகிய தரை, அடுப்பு, ஒரு கயிற்றுக் கட்டில், தூளியில் பேரன். தெற்கேயிருந்து கடற்காற்று வந்துகொண்டிருந்தது. "பகல்ல எல்லாரும் இங்கதாம்மா" என்று சொல்லிக்கொண்டே நுங்கைச் சீவி என் கையில் கொடுத்தார். பிறகு என் மாடி வீட்டைப் பற்றி விசாரித்தார். எத்தனையாவது மாடி, வாடகை எவ்வளவு என்று கேட்டார். எல்லாம் சொன்னேன்.

"அய்யய்யோ, அங்க கொட்டா போட எடம் இருக்காதேம்மா?" என்றார்.