ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்ட இசை

இசைக்கலைஞர் பிரையன் ஈனோவின் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ 1978இல் வந்தது. ‘ஆம்பியன்ட்’ (சூழல் இசை) என்ற பெயரை அட்டையிலேயே போட்டுக்கொண்டு வந்த முதல் ஆல்பம் அதுதான். இன்று அந்தப் பெயரைத் தேடினால் தூங்க, படிக்க, யோகா செய்ய என்று மணிக்கணக்கில் ஓடும் தொகுப்புகள் வந்து விழுகின்றன. அவற்றுக்கு நடுவே இதையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அண்மையில் முழுதாகக் கேட்டேன். இதற்கு அந்த வரிசையில் இடமே இல்லை என்று படுகிறது.

இந்த இசையின் பிறப்பிலேயே வெளிச்சத்தம் கலந்திருக்கிறது. 1975இல் ஈனோ விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்த தோழி ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். சிரமப்பட்டு எழுந்து அதை ஓடவிட்டுப் படுத்த பிறகுதான் ஒலி மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. ஸ்டீரியோவின் ஒரு பக்கம் ஒலிக்கவே இல்லை. மறுபடி எழுந்திருக்கத் தெம்பில்லை. வெளியே மழை. இசையும் மழையைப் போல, அறையின் வெளிச்சத்தைப் போல, சூழலின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்று அப்போது அவருக்குப் பட்டது.

பிறகொரு நாள் ஜெர்மனியின் கொலோன்–பான் விமான நிலையத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தார். கட்டடம் அழகு, அங்கே ஒலித்த இசை சகிக்கவில்லை. (கட்டடத்தை வடிவமைத்த பால் ஷ்னைடர்-எஸ்லேபன், கிராஃப்ட்வெர்க் மின்னிசைக் குழுவின் ஃப்ளோரியன் ஷ்னைடருடைய அப்பா. மின்னிசை வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த தற்செயல் இது.) அறிவிப்பு குறுக்கிட்டாலும் கெடாத, நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் அவர்களை மறிக்காத இசை வேண்டும் என்று நினைத்தார்.

செய்த விதம் இன்றும் வியக்க வைக்கிறது. இரண்டாவது துண்டில் ஒற்றை ஸ்வரங்களைப் பாடிய குரல்கள் முனைகளை ஒட்டிய தனித்தனி ஒலிநாடா வளையங்களில் ஓடுகின்றன. ஒன்று 23½ வினாடிக்கு ஒருமுறை வரும். இன்னொன்று ஏறத்தாழ 26, மற்றொன்று ஏறத்தாழ 30. வளையங்கள் அவ்வளவு நீளம் என்பதால் ஸ்டுடியோ நாற்காலிகளின் கால்களைச் சுற்றி நாடாவை ஓடவிட்டார்கள். நீளங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாததால் குரல்கள் சேரும் விதம் மாறிக்கொண்டே போகிறது. 1980இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் இந்த ஆல்பத்தை ஒலிக்கவும் விட்டார்கள்.

நான் முதலில் கேட்டது நண்பர் பதிவு செய்து தந்த கேசட்டில். நாடாவின் இரைச்சல், மின்விசிறிச் சத்தம், தெருவில் போகும் பேச்சு எல்லாம் கூடவே வரும். ஆல்பத்தில் ராபர்ட் வயட் வாசிக்கும் பியானோ நான்கைந்து ஸ்வரம் சொல்லிவிட்டு நிறுத்தும். அந்த இடைவெளியில் தெரு வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கம் முடிந்தால் எழுந்து திருப்பிப் போட வேண்டும். 1/1, 2/1 என்ற தலைப்புகளே முதல் பக்கத்தின் முதல் துண்டு, இரண்டாம் துண்டு என்பதைத்தான் குறித்தன. கைபேசியில் பக்கமும் இல்லை, திருப்புவதும் இல்லை. எண்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

இம்முறை வெளிச்சத்தத்தை அடைக்கும் ஹெட்போனில் கேட்டேன். ஒவ்வொரு குரலும் எங்கே எழுகிறது, எங்கே அடங்குகிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் இடைவெளிகள் காலியாகக் கிடந்தன. சூழலோடு கலக்கச் செய்த இசையை, சூழலைத் துடைத்து எறிந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைகளிலும் லிஃப்டுகளிலும் ஓடிய பின்னணி இசை இடத்தின் தனித்தன்மையை மழுக்குகிறது, ஐய உணர்வையும் நிச்சயமின்மையையும் அகற்றிவிடுகிறது என்று ஈனோ அட்டைக் குறிப்பில் எழுதினார். அவற்றைக் காப்பாற்றத்தான் ஆம்பியன்ட் என்றார். இன்றைய தூக்கத் தொகுப்புகள் அந்தப் பழைய பின்னணி இசையின் வேலையைத்தான் செய்கின்றன, ஈனோவின் பெயரைச் சொல்லிக்கொண்டு. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவரே பீட்டர் சில்வர்ஸுடன் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ‘ப்ளூம்’ செயலி முடிவில்லாமல் இசையைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். நல்ல முயற்சிதான், ஆனாலும் முடிந்துபோகும் இந்த ஆல்பம்தான் எனக்கு உயர்வாகத் தெரிகிறது.

கேட்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஹெட்போன் வேண்டாம். சாதாரண ஸ்பீக்கரில், பக்கத்து அறைப் பேச்சு காதில் விழும் அளவுக்குக் குறைத்து வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒரு மணி நேரம்கூட ஆகாது.