ஆச்சியின் மருந்துப் பெட்டி

வீட்டிலே முதியவர் ஒருவர் தள்ளாடி விழுந்தால், "வயது போய்விட்டது, வேறென்ன?" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பழியை வயதின்மேற் போடுமுன், அவரது மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்தல் நலம்.

நமது இல்லங்களில் நிகழக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆச்சிக்கு இரத்த அழுத்தம். வைத்தியர் அம்லோடிப்பின் என்னும் குளிசையைக் கொடுக்கிறார். அழுத்தம் தணிகிறது; ஆனால், சில வாரங்களிற் கணுக்கால் வீங்குகிறது. வீக்கம் அம்மருந்தின் பக்கவிளைவாகலாம் என்பதை அறியாத நாம், ஆச்சியை வேறொரு வைத்தியரிடம் அழைத்துச் செல்கிறோம். முன்னைய மருந்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவர் சிறுநீரைப் பெருக்கும் குளிசை எழுதுகிறார். உடலின் நீரும் உப்பும் குறைகின்றன. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இரவில் உறக்கம் கெடுகிறதென்று நித்திரைக் குளிசையும் வந்து சேர்கிறது. ஓரிரவு இருளில் எழுந்த ஆச்சி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். மருந்தால் வந்த உபாதைக்கு மருந்து, அதனால் வந்ததற்கு வேறொரு மருந்து எனச் சங்கிலி நீண்டதன் பயன் இது.

முதியோரை மருந்து ஏன் இவ்வாறு வருத்துகிறது? உட்கொண்ட மருந்தை மாற்றி வெளியேற்றுவன ஈரலும் சிறுநீரகமுமே. வயது ஏற ஏற அவற்றின் வேகம் குறைகிறது. உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், டயசிபாம் போன்ற நித்திரை மருந்துகள் நாட்கணக்கில் உடலிலே தங்கிவிடும். 30 வயதினருக்கு அளவானது 80 வயதினருக்கு மிகையாகலாம்.

மருந்தோடு மருந்து மோதுவதும் உண்டு. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உண்பவர், மூட்டுவலிக்கென்று கடையில் இபுபுரூபன் வாங்கி விழுங்கினால் இரைப்பையில் இரத்தம் கசியலாம். தடிமனுக்கு உண்ணும் குளோர்பெனிரமின், முதியவருக்கு மயக்கத்தையும் மனக்குழப்பத்தையும் தரலாம், சிறுநீரையும் தடுக்கலாம்.

ஒரே மருந்து இரு பெயரில் வருவதும் ஆபத்தே. பனடோலும் பரசிட்டமோலும் ஒன்றே என்பதை அறியாது இரண்டையும் உண்போர் உளர். 1971 இல் நிறுவப்பட்ட அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரான பேராசிரியர் சேனக்க பிபிலே, மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி அவற்றின் பொதுப் பெயரால் எழுதவேண்டும் என்று வலியுறுத்தினார். குளிசை அட்டையில் அப்பொதுப் பெயரை நாம் தேடிப் படித்தல் வேண்டும்.

ஆயினும், அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்துதல் தகாது. சில மருந்துகளைத் திடீரென விட்டால் உயிருக்கே கேடு நேரலாம். புதிய மருந்து தொடங்கியபின் புதிய உபாதை தோன்றினால், "இது மருந்தின் விளைவா?" என்று வைத்தியரிடம் முதலிற் கேட்போம். கிளினிக்குக்குச் செல்லும்போது குளிசைகள், கசாயம், லேகியம் யாவற்றையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுசெல்வோம். படுக்கையை விட்டு எழுமுன் சிறிதுநேரம் அமர்ந்திருக்குமாறு முதியோருக்கு நினைவூட்டுவோம்.

பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கும் இதிலே ஒரு பணி உண்டு. கொப்பித்தாள் ஒன்றில் மருந்தின் பெயர், அளவு, உண்ணும் நேரம், எந்நோய்க்கு என்பவற்றைத் தெளிவாக எழுதி ஆச்சியின் பெட்டியில் வைத்துவிடலாம். பேரப்பிள்ளையின் அந்த ஒரு தாள், அடுத்த முறை வைத்தியரின் கைக்கு எட்டுமானால், ஆச்சி விழாமல் நடமாட அதுவே துணையாகும்.