காக்காய்ப் பொன்னும் மெய்ப் பொன்னும்

ஜொகூர் மாநிலத்தின் உலு திராம் வட்டாரத்தில் உடைபட்ட கருங்கல்லை வெயிலில் நோக்கினால், பொன் துகள் போல் சில மின்னக் காணலாம். அவை பொன்தானா? இவ்வினாவிற்கு விடை காணப் பாறைகளின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்ல ஆறி இறுகியதே கருங்கல். அதில் மின்னும் மெல்லிய தகடுகள் அப்பிரகம் ஆகும். நம் முன்னோர் அதனைக் 'காக்காய்ப் பொன்' என்றனர். நம் நாட்டில் கருங்கல் மலைகளை அடுத்து மிகுதியாகக் கிடைத்தது ஈயமே. கிந்தா பள்ளத்தாக்கு இதற்குச் சான்று.

பொன் விளைந்த நிலமோ வேறு. பகாங் மாநிலத்தின் ரவுப், கோல லிப்பிஸ் பகுதிகள் ஒரு காலத்தில் கடலடியாய் இருந்தவை. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இரு நிலப்பகுதிகள் நெருங்கி மோத, அக்கடல் மறைந்தது. கடலடிச் சேறும் சுண்ணாம்பும் மடிந்து இறுகிப் பலகைப் பாறைகளாயின. அவற்றின் வெடிப்புகளில் ஏறிய வெந்நீர், தான் கரைத்து வந்த பொன்னை வெண்ணிறப் படிகக்கல்லுடன் படியவிட்டது. ரவுப்பில் 1889ஆம் ஆண்டு தொடங்கிய சுரங்கம் 1961 வரை இத்தகைய கல்லையே தோண்டியது. தமிழர் பலர் உழைத்து, 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலிலும் பொன் படிகக்கல் நரம்புகளிலேயே கிடைத்தது.

மெய்ப் பொன்னை அறிவது எளிது. சுத்தியால் தட்டினால் பொன் தகடாக விரியும். இரும்பும் கந்தகமும் கலந்த மஞ்சள் கல்லோ நொறுங்கும். மெருகிடாத ஓட்டில் உரைத்தால் பொன் மஞ்சள் கோடு இடும். அக்கல் கருங்கோடு இடும். அப்பிரகமோ ஊசி முனையால் ஏடு ஏடாகப் பிரியும். நீரில் அலசினால் பொன் அடியில் தங்கும். அப்பிரகம் நீரோடு அடித்துச் செல்லப்படும்.

எனவே, 'பொன் கல்' எனக் கூறி எவரேனும் விற்க வந்தால், சேமிப்பை இழக்குமுன் இச்சோதனைகளைச் செய்து பார்த்தல் நலம். உரிமமின்றிப் பொன் தோண்டுதலும் கூடாது. தேசிய நிலச் சட்டப்படி நிலத்தடிக் கனிமங்கள் மாநில அரசுக்கே உரியவை. கைவிடப்பட்ட கற்குழிகளில் இறங்குவதோ உயிருக்கே கேடாகும். பொன்னைப் பிரிக்கப் பாதரசத்தைக் காய்ச்சுவோர் அதன் நச்சுப் புகையைச் சுவாசிக்கின்றனர்.

உலு திராமின் கருங்கல் பொன் தராவிடினும், சாலையும் வீடும் அமைக்க உதவுகின்றது. அதன் உண்மைப் பயனை அறிந்து, மின்னுவதைக் கண்டு மயங்காது வாழ்வோமாக!