காரைக்கால் வயலுக்கும் கொட்டகைக்கும் ஏற்ற நாய் எது?

சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் போர் எழும்பி, தரிசில் உளுந்தும் பயறும் தழைக்கும் தை, மாசி மாதங்களில்தான் நம் பகுதிக் கிராமங்களில் நாய்க்குட்டிகள் கைமாறுகின்றன. இதற்குக் காரணம் உண்டு. ஊர் நாய்கள் பெரும்பாலும் மழைக்காலத் தொடக்கத்தில் இணை சேர்ந்து, சுமார் 63 நாட்கள் சுமந்து, கார்த்திகை, மார்கழியில் குட்டி போடுகின்றன. குட்டிக்கு எட்டு வாரம் நிறையும்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை காய்ந்திருக்கும். நாய் வளர்க்க எண்ணும் விவசாயிக்கு இதைவிட நல்ல பருவம் இல்லை. ஐப்பசி அடைமழையில் குட்டி வாங்கி வந்து, ஈரத் திண்ணையில் கட்டிப்போட்டு, பத்து நாளில் பறிகொடுப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

பருவம் சரி, எந்த நாயை வாங்குவது என்பதே அடுத்த கேள்வி. முதலில் நாய்க்கு என்ன வேலை கொடுக்கப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். மாட்டுக்கொட்டகைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவல், மோட்டார் கொட்டகையில் வயர் திருடு போகாமல் ஒரு குரல், கோழிக்கு வரும் கீரியை விரட்ட ஒரு துணை, களத்தில் நெல் கிடக்கும் இரவுகளில் ஒரு விழிப்பு, இவ்வளவுதான் நமக்கு வேண்டியது. காரைக்கால் பகுதி மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். அதற்குள் நகரம் ஒன்று, கொம்யூன்கள் ஐந்து, அரசலாறு முதலாகக் கடலில் விழும் ஆறுகள் பல, கரையோர மீனவர் குப்பங்கள் என்று எல்லாம் நெருங்கிக் கிடக்கின்றன. வீட்டை ஒட்டி வீடு, வரப்பை ஒட்டி அடுத்தவர் வயல். நாய் நாலு கால் பாய்ச்சலில் ஓட இங்கே இடம் கிடையாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தமிழகத்தின் பெயர்பெற்ற நாய்களைப் பார்ப்போம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நான்கும் நமக்குப் பெருமை சேர்ப்பவை. ராஜபாளையம் நாயின் படத்தைப் போட்டு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபுவள நிறுவனம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்துள்ளது. ஆனால் பெருமை வேறு, பொருத்தம் வேறு.

சிப்பிப்பாறையும் கன்னியும் விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டில் முயலைத் துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒல்லியான உடல், நீண்ட கால், தூரத்து அசைவைக் கண்டதும் பாயும் கண். முயல் வேட்டை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு குற்றம். வேட்டை நின்றாலும் நாயின் உள்ளே இருக்கும் வேகம் நிற்கவில்லை. அந்த வேகத்தைக் கோட்டுச்சேரியிலோ நிரவியிலோ ஒரு தெருவுக்குள் அடைத்து வைத்தால், அது பக்கத்து வீட்டுக் கோழியிலும் ஆட்டுக்குட்டியிலும்தான் போய் முடியும். தேனி மாவட்டத்துக் கோம்பை செம்பழுப்பு நிறமும் கறுத்த முகமும் கொண்ட முரட்டுக் காவல்காரன். பழக்கத் தெரிந்தவர் கையில் அது நல்ல நாய். பகலெல்லாம் ஆள் இல்லாத வீட்டில் சங்கிலியில் கிடந்தால் ஆபத்தான நாய்.

ராஜபாளையம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பகுதியில் பலரும் ஆசைப்படுவது இதற்குத்தான். பால் போன்ற வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்குமே இதன் அழகு என்று கருதி வாங்குகிறார்கள். அந்த வெள்ளையோடு ஒட்டிப் பிறக்கும் குறை ஒன்று உண்டு. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாத காவல் நாயால் யாருக்கு என்ன பயன்? குட்டி பார்க்கப் போகும்போது, அது வேறு பக்கம் திரும்பியிருக்கையில் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். கூட்டத்தோடு வேண்டாம். மற்றக் குட்டிகள் திரும்புவதைக் கண்டு செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். தனியாக எடுத்துச் சோதிக்க வேண்டும். வெள்ளைத் தோல் கடற்கரை வெயிலில் எளிதில் சிவந்து புண்ணாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெள்ளையாகப் பிறந்த நாயெல்லாம் ராஜபாளையம் ஆகிவிடாது. தாயையும் தந்தையையும் காட்டாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அல்சேஷன், லாப்ரடார் போன்ற வெளிநாட்டு இனங்கள் சித்திரை வெயிலில் இளைத்துக்கொண்டு கிடக்கும். அவற்றின் தீனிச் செலவும் மருத்துவச் செலவும் ஒரு கறவை மாட்டின் செலவோடு போட்டி போடும். இதற்கு மேல் அவை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, நெடுங்காடு, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் பக்கத்துச் சிறு விவசாயிக்கு ஏற்றது, பெயரில்லாத நம் ஊர் நாட்டு நாய்தான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஈரத்தையும் வெயிலையும் தாங்கும். குறைந்த தீனியில் நிற்கும். அயலாள் வந்தால் குரைக்கும். குரைப்பதே நமக்குப் போதும், கடிக்கத் தேவையில்லை. காசும் பெரும்பாலும் கிடையாது. காசில்லாமல் வருவதால்தான் அதற்கு ஊசி போடுவது வீண் என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கீழே பார்ப்போம்.

குட்டி தேர்ந்தெடுக்கும் முறை

தாயைப் பாருங்கள். குட்டியைத் தொட அனுமதித்து, ஆனால் கண்ணை எடுக்காமல் நிற்கும் தாய் நல்ல தாய். மூலையில் ஒடுங்கி நடுங்குவதும், காரணமின்றிப் பாய்வதும் குட்டிக்கும் வரக்கூடும். குட்டி உங்களிடம் தானாக வர வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் புழுவோ உண்ணியோ இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பொருள். வயிறு மட்டும் பானை போல உப்பி, முதுகெலும்பு தெரிந்தால் குடற்புழு. கண்ணில் பீளை, மூக்கில் சளி இருந்தால் விட்டுவிடுங்கள்.

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது உடன்பிறந்த குட்டிகளிடம்தான். நான்கு வாரத்தில் பிரித்த குட்டி பின்னாளில் கையைக் கடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டை வேண்டாம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. பெட்டை வீட்டை விட்டு அதிகம் அலையாது, பிள்ளைகளிடம் பொறுமை காட்டும். ஆறு மாதத்துக்கு மேல் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துகொண்டால் குட்டித் தொல்லையும் இல்லை.

வீட்டுக்கு வந்த பின்

தாய் படுத்திருந்த சாக்குத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வாருங்கள். அந்த வாடை இருந்தால் முதல் இரவு அழுகை பாதியாகக் குறையும். கொல்லையில் தனியே கட்டிப் போடாமல், மூன்று நான்கு இரவுகள் ஆள் படுக்கும் இடத்துக்கு அருகில் ஒரு பெட்டியில் படுக்க விடுங்கள். சங்கிலி இப்போது வேண்டாம்.

தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிச் சென்று விட்டால் ஓரிரு வாரங்களில் வெளியே போகும் பழக்கம் வந்துவிடும். அடிப்பதாலும், மூக்கை அசிங்கத்தில் தேய்ப்பதாலும் ஒளிந்து போகத்தான் கற்கும். மாட்டையும் ஆட்டையும் கோழியையும் மூன்று மாதத்துக்குள் பழக்கிவிட வேண்டும். குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து காட்டித் தொடங்குங்கள். கன்று போட்ட மாட்டின் அருகே இறக்கி விட்டால் ஒரே முட்டில் கதை முடிந்துவிடும்.

தீனி மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. வெறும் சோறும் ரசமும் ஊற்றி வளர்த்த குட்டிக்குக் கால் வளையும். நம் கரையில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, சூடை போன்ற மீன்களை வேகவைத்து, முள் நீக்கி, சோற்றிலோ கேழ்வரகுக் களியிலோ பிசைந்து கொடுக்கலாம். முட்டையும் நல்லது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும், மோர் பரவாயில்லை. கருவாட்டின் உப்பு ஆகாது. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற கரையோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலையிலிருந்து கழித்து மணலில் எறியும் பேத்தை மீனில், குறிப்பாக ஈரலிலும் சினையிலும், கொடிய நஞ்சு உண்டு. குட்டியை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வயலில் காத்திருக்கும் இரண்டு எமன்கள்

டெல்டா விவசாயிக்கு எலி பரம்பரை எதிரி. எலிக்கு வைக்கும் மருந்து நாய்க்கும் மருந்துதான். சிங்க் பாஸ்பைடு கலந்த பொரியைத் தின்றாலும், அதைத் தின்று செத்த எலியின் வயிற்றில் மிச்சம் இருந்தாலும், நாயின் வயிற்றில் அது நச்சு வாயுவாக மாறும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. புரோமடியோலோன் கட்டி வேறு விதம். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாட்கள் கழித்து உள்ளேயும் வெளியேயும் இரத்தம் கசியும். உடனே கொண்டு போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. மருந்து அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நாய் வளர்ப்பவர்கள் முடிந்தவரை நம் பழைய தஞ்சாவூர்க் கிட்டியை வைத்து எலி பிடிப்பதே நல்லது. மருந்து வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த நாட்களில் நாயைக் கட்டி வைத்து, செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும்.

மற்றது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் வெளியேறும் கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் உயிரோடிருந்து, நாய்க்கும் நாற்று நடும் ஆளுக்கும் தோல் வெடிப்பு வழியாகப் புகுந்துவிடும். நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, மஞ்சள் காமாலை என்று வந்தால் அதன் சிறுநீரைத் தொடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதன் மூலம் வீட்டாருக்கும் தொற்றலாம். குட்டிக்குப் போடும் கூட்டுத் தடுப்பூசி எல்லாவற்றிலும் இந்நோய்க்கான மருந்து சேர்ந்திருப்பதில்லை. "எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுங்கள்" என்று நாமே கேட்க வேண்டும்.

அந்தக் கூட்டு ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். இரத்தக் கழிச்சலில் குட்டிகள் கூட்டமாகச் சாகும் பார்வோ நோயை இதுவே தடுக்கும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே முந்தைய குட்டி அப்படிச் செத்த வீட்டுக்கு ஊசி முடியாத குட்டியைக் கொண்டுவர வேண்டாம். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை அளவு தெரியாமல் குட்டியின் மேல் ஊற்றாதீர்கள்.

"பால்குடிக் குட்டிக்கு வெறி வராது"

இப்படி ஒரு நம்பிக்கை ஊரில் இன்றும் இருக்கிறது. இது பொய். இந்த ஒரு பொய்யால் உயிர்கள் போகின்றன. தாயையோ குட்டியையோ வெறிநாய் கடித்திருந்தால் இரண்டு மாதக் குட்டிக்கும் வெறிநோய் வரும். குட்டி விளையாட்டாகப் பல் பதித்ததைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதுமில்லை. நோய் வெளிப்பட்டுவிட்டால் நாய்க்கும் சரி, மனிதனுக்கும் சரி, பிழைக்க வழியில்லை என்றே கொள்ள வேண்டும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஒரு ஊசியும் தொடர வேண்டும். அதற்கு முன் குட்டி கடித்தாலோ, தோல் கீறினாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கட்டும் போடக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பது தவறு. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும்.

பெரியவர்கள் சிலர் ஊசிக்கு அஞ்சுவது வயிற்றைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளின் நினைவால். லூயி பாஸ்டர் 1885-ல் பாரிசில் ஒரு சிறுவனைக் காப்பாற்றிய வழியில், 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் முதலிய இடங்களில் தயாரான மருந்து அது. அந்த வகை ஊசி இப்போது நாட்டில் இல்லை. இன்று கையில் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கே வருகைகள். இரத்தம் வருமளவு ஆழமான கடியானால், காயத்திலேயே போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் முதல் நாளே தேவைப்படும். அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாய்க்குப் போட்ட ஊசிகளின் தேதியைக் குறித்த அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் தீராத நோய்க்கு நமக்கு அருகில் இருப்பது, தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கே செல்லும்போதும் அந்த அட்டையைக் கொண்டு செல்ல வேண்டும்.